படத்தில் இல்லாத காட்சி

தியேட்டர் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. அஜிதா மட்டும் சிரிக்கவில்லை. காலைத் தரையில் வைத்தால் யாராவது பிடித்து இழுத்துவிடுவார்களோ என்று, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையிலேயே மடக்கி வைத்திருந்தாள்.

அன்று அவளுடைய தோழி ஜெஸ்லினுக்குப் பிறந்தநாள். ஐந்தாம் வகுப்பில் கூடப் படிக்கும் சிலரை, ஜெஸ்லினின் அம்மா தம்பானூரில் உள்ள தியேட்டருக்கு மதியக் காட்சிக்கு அழைத்து வந்திருந்தார். கார்ட்டூன் படம். பெயர் ‘பப்படம் பாஸ்கரன்’.

இடிவீரன் படங்களைப் பார்த்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பாஸ்கரனைத் தெரியும். இடிவீரன் வானத்தில் பறந்து உலகத்தைக் காப்பாற்றுவார். பாஸ்கரன் அவருடைய சமையல்காரர். அந்தப் படங்களில் கொஞ்ச நேரம்தான் வருவார். யாராவது வந்து மோதினால் பப்படம் போலத் தட்டையாகிவிடுவார். அடுப்புப் பக்கம் போனால் பொரிந்து, உப்பி, மறுபடியும் எழுந்துவிடுவார். பிள்ளைகளுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனதால், இப்போது அவருக்கென்றே தனியாக ஒரு சிரிப்புப் படம் எடுத்திருந்தார்கள்.

“சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும், பாத்துக்கோ” என்று வகுப்புத் தோழன் ஆதர்ஷ் முன்பே சொல்லியிருந்தான்.

ஆனால் நிழல்விழுங்கியைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நிழல்விழுங்கிக்கு முகமே கிடையாது. வாய் மட்டும்தான். படத்தில் பாட்டும் இசையும் திடீரென்று நின்று எல்லாம் அமைதியாகிவிட்டால், அவன் வரப்போகிறான் என்று அர்த்தம். மெல்ல வந்து குனிவான். தரையில் கிடக்கும் ஒருவருடைய நிழலை ‘ஸ்ஸ்ர்ர்ர்’ என்று உறிஞ்சுவான். நிழலை இழந்தவர் ஆவி போல மங்கி, காணாமல் போய்விடுவார்.

“எடீ, பாரு! இலையில பாயசம் குடிக்கிற மாதிரியே உறிஞ்சுறான்!” என்று ஜெஸ்லின் கைதட்டிச் சிரித்தாள். அந்தப் பக்கம் ஆதர்ஷ் பாப்கார்ன் சிந்தச் சிந்தக் குலுங்கினான்.

“ஆமா” என்றாள் அஜிதா. சிரிக்கவும் முயன்றாள். அது இருமல் போல வந்தது.

அவள் தியேட்டருக்கு வருவது இதுதான் முதல்முறை. அவளுடைய அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுபவர். விடுமுறை கிடைத்தால் விழிஞ்ஞம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படகுகளைக் காட்டுவார். இவ்வளவு பெரிய திரையும், இவ்வளவு இருட்டும், காதுக்குள் வந்து முழங்கும் சத்தமும் அவளுக்குப் புதிது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் ஆதர்ஷ் திங்கட்கிழமையே வகுப்பு முழுக்கப் பரப்பிவிடுவான். காமெடிப் படத்துக்குப் பயந்தவள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

அதனால் அவள் திரையைப் பார்க்காமல் முன்வரிசைப் பக்கம் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அந்தச் சின்னப் பையன் கண்ணில் பட்டான்.

அவனுக்கு ஐந்து வயது இருக்கலாம். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, இருக்கையோடு ஒட்டிக் குறுகி உட்கார்ந்திருந்தான். திரையில் நிழல்விழுங்கி மறுபடியும் வாயைத் திறந்தான். பையன் சட்டென்று இறங்கி ஓடினான். திரைக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்த கதவைத் தள்ளினான். கதவு திறந்தது. அவன் வெளியே போய்விட்டான்.

யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜெஸ்லின்! ஒரு குட்டிப் பையன் தனியா வெளிய போறான். அம்மாகிட்ட சொல்லு!”

“ம்ம்” என்றாள் ஜெஸ்லின். அவள் கண் திரையிலிருந்து நகரவே இல்லை.

ஜெஸ்லினின் அம்மா வரிசையின் மறுகோடியில் இருந்தார். ‘யாரும் தனியா எழுந்து போகக் கூடாது, கேட்டோ’ என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அஜிதா “ஆன்ட்டி!” என்று கூப்பிட்டாள். சிரிப்புச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

அவர்கள் உள்ளே வந்தது பின்பக்க வாசல் வழியாக. இந்தக் கதவு எங்கே போகிறது? வெளியே ரோடு. பஸ், ஆட்டோ, கூட்டம். அஜிதா கால்களைத் தரையில் இறக்கினாள். யாரும் பிடித்து இழுக்கவில்லை. இருட்டில் தடவித் தடவி அந்தக் கதவுக்குப் போனாள்.

கதவின் உள்பக்கத்தில் நீளமாக ஒரு கம்பி இருந்தது. அதைத் தள்ளினால் திறந்தது. வெளிப்பக்கத்தில் கைப்பிடியே இல்லை. மூடிக்கொண்டால் திரும்பி வர முடியாது. அஜிதா ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகி வைத்தாள். பிறகு வெளியே கால் வைத்தாள்.

அது ஒரு பழைய மாடிப்படி. ஒரே ஒரு டியூப் லைட், எரிவதும் அணைவதுமாக ‘டிக் டிக்’ என்று துடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரே இருட்டு. அதற்கும் கீழே எங்கோ மழைச் சத்தமும் பஸ்ஸின் ஹாரனும் கேட்டன. அவளுடைய நிழல் சுவரில் பெரிதாக எழுந்து நின்றது. விளக்கு அணைந்தபோது காணாமல் போனது. எரிந்தபோது மறுபடியும் வந்தது.

திரும்பி ஓடிவிடலாமா?

கீழிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

“அப்பா… அப்பா…”

ஒவ்வொரு படியாகச் சுவரைப் பிடித்தபடி இறங்கினாள். படி திரும்பும் இடத்தில், மூலையில், அந்தப் பையன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான்.

“தம்பி.”

“போ! கிட்ட வராதே!” என்று அவன் கத்தினான். அவள் நிழல் அவன் மேல் விழுந்திருந்தது. அவள் சட்டென்று ஒதுங்கி, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“நான் அஜிதா. நானும் படம் பார்க்கத்தான் வந்தேன். உன் பேரு என்ன?”

“வெங்கிடேஷ்.” அவன் ஒரு கண்ணை மட்டும் காட்டினான். “அப்பா போன் பேசப் போனார். இங்கயே உக்காந்துக்கோ, இதோ வந்துடறேன்னார். வரவே இல்லை. நேக்கு பயமா இருந்தது.”

“வா, மேலே போய் அப்பாவைத் தேடலாம்.”

“மாட்டேன். எழுந்துண்டா என் நிழல் சுவத்துல தெரியும். அவன் வந்து குடிச்சுடுவான்.”

அதெல்லாம் பொய், வெறும் கார்ட்டூன் என்று சொல்ல வாயெடுத்தாள் அஜிதா. அப்போது விளக்கு அணைந்தது. சுவர் முழுவதும் கறுத்தது. அவளை அறியாமலே பக்கத்தில் இருந்த சின்னக் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு மறுபடியும் எரிந்தது.

“எனக்கும் பயம்தான்” என்றாள்.

வெங்கிடேஷ் முகத்தை முழுவதும் தூக்கிப் பார்த்தான். “நீ பெரியவள்தானே?”

“அதனாலென்ன? என் நிழல் உன்னுதை விடப் பெரிசு. அவனுக்கு என்னைத்தான் அதிகமாப் பிடிக்கும்.”

அவன் யோசித்தான். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. “அப்போ என்ன பண்றது?”

அஜிதா சுவரைப் பார்த்தாள். கைகோத்து உட்கார்ந்திருந்த அவர்களுடைய இரண்டு நிழல்களும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிந்தன.

“அங்க பாரு. ஒட்டி நின்னா நம்ம ரெண்டு நிழலும் ஒரே நிழல் ஆயிடுது. அவ்வளவு பெரிசு அவன் வாயில போகுமா? தொண்டையில சிக்கிக்கும்.”

“சிக்கிண்டா?”

“இருமியே செத்துப்போவான்.”

வெங்கிடேஷுக்கு இது பிடித்திருந்தது. எழுந்து அவளோடு ஒட்டிக்கொண்டான். சுவரில் இரண்டு தலையும் நான்கு காலுமாக ஏதோ ஒன்று எழுந்தது.

“ஒட்டகம்!” என்றான் அவன்.

ஒட்டகம் மெதுவாகப் படியேறியது. விளக்கு அணைந்தபோதெல்லாம் நின்றது. எரிந்தபோது நடந்தது. கடைசிப் படியில் அஜிதா நிமிர்ந்து பார்த்தாள்.

கதவு மூடியிருந்தது. அவளுடைய செருப்பையும் காணவில்லை.

யாரோ செருப்பை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அஜிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். கதவைத் தள்ளினாள். நகரவில்லை. கையால் ஓங்கித் தட்டினாள். உள்ளே ‘ஹா ஹா’ என்று சிரிப்பலை எழுந்து, அவள் தட்டிய சத்தத்தை அப்படியே மூடிவிட்டது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் சிரிப்பு.

“யாருக்கும் கேக்கலை” என்று வெங்கிடேஷ் உதட்டைப் பிதுக்கினான். “கீழே போலாமா?”

கீழே இருட்டு. அதற்குப் பிறகு மழை, ரோடு, பஸ். இந்தச் சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு அங்கே போகவே கூடாது. அவனுடைய அப்பா இதே மாடியில்தான் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பார். கதவைத் திறக்கவைக்க ஒரே வழி, சத்தம் உள்ளே கேட்க வேண்டும். அதற்கு உள்ளே அமைதியாக இருக்க வேண்டும்.

எப்போது அமைதியாக இருக்கும்?

அஜிதாவுக்கு அது தெரியும்.

“வெங்கிடேஷ், காதைக் கதவுல வை. பாட்டுச் சத்தம் நிக்குற வரைக்கும் காத்திருக்கணும்.”

“பாட்டு நின்னா அவன்தானே வருவான்?”

“ஆமா. அப்பதான் எல்லாரும் சத்தமில்லாம இருப்பாங்க. அப்ப நாம தட்டணும்.”

இருவரும் கதவில் காதை வைத்தார்கள். உள்ளே பாஸ்கரன் ஏதோ பேசினார். சிரிப்பு. பாத்திரங்கள் உருண்டன. சிரிப்பு. டப்பாங்குத்து இசை. கைதட்டல். வெங்கிடேஷின் கை வியர்த்து வழுக்கியது. அஜிதா இறுக்கிப் பிடித்தாள். வரக் கூடாது என்று இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்ட நிழல்விழுங்கி, இப்போது சீக்கிரம் வந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

சட்டென்று இசை நின்றது.

தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல் இருந்தது.

“இப்போ!”

டம்! டம்! டம்! டம்! நான்கு கைகளும் இரும்புக் கதவை அடித்தன.

உள்ளே இருந்து வந்தது சிரிப்பு அல்ல. அலறல்! சின்னவர்கள், பெரியவர்கள், அம்மாக்கள், அப்பாக்கள் எல்லோரும் சேர்ந்து “அய்யோ!” என்று அலறினார்கள். அந்த அலறலில் வெங்கிடேஷே பயந்து அலறினான். அஜிதாவும் அலறினாள். ஆனாலும் இரண்டு பேரும் தட்டுவதை நிறுத்தவில்லை.

கதவு திறந்தது. டார்ச்சோடு நின்ற தியேட்டர் ஊழியரின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அவருடைய இடது கையில் அஜிதாவின் செருப்பு.

“அய்யோ மோளே! இது உன்னோடதா? யாரோ செருப்பு வெச்சிருக்காங்களேன்னு எடுத்துக் கதவை அடச்சேனே!”

அவரைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். “வெங்கி! எங்கேடா போனே?” அது வெங்கிடேஷின் அப்பா ஸ்ரீநிவாஸ். மகனை வாரி எடுத்துக்கொண்டார். “முன்னாடி லாபி, பாத்ரூம் எல்லாம் தேடிட்டேன். இந்தக் கதவு நினைப்பே வரலைடா.” பிறகு அஜிதாவைப் பார்த்தார். அவள் தலைமேல் கைவைத்தார்.

இடைவேளை விளக்குகள் எரிந்தன. ஜெஸ்லினின் அம்மா ஓடிவந்து, “தனியா எழுந்து போகாதேன்னு சொன்னேனில்லே!” என்று கோபித்துக்கொண்டார். நடந்ததை அஜிதா சொன்னதும் அவளை இறுகக் கட்டிக்கொண்டார்.

“நீ சொன்னது என் காதுலயே ஏறலைடீ” என்றாள் ஜெஸ்லின், தலையைக் குனிந்துகொண்டு.

ஆதர்ஷ் சட்டையெல்லாம் பாப்கார்னோடு நின்றான். அவனுடைய டப்பா காலியாக முன்வரிசையில் கிடந்தது.

“நான் பயந்து எறியலை. அதுவா பறந்துபோச்சு” என்றான் யாரும் கேட்காமலேயே.

இரண்டாம் பாதி முழுக்க வெங்கிடேஷும் அவன் அப்பாவும் அஜிதாவின் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். இசை நிற்கும்போதெல்லாம் அவளும் வெங்கிடேஷும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். விரலிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். பயம் போகவில்லை. ஆனால் கடைசியில் பாஸ்கரன் வாழை இலை அளவுக்குத் தட்டையாகி நிழல்விழுங்கியின் வாயை மூடியபோது, அஜிதாவுக்கு இருமல் வரவில்லை. நிஜமான சிரிப்பே வந்தது.

படம் முடிந்து வெளியே வந்தால், வாசலில் ஒரு அக்கா மைக்கை நீட்டி எல்லோரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் கேமராவோடு நின்றார்.

“படம் எப்படி?”

“அடிபொளி! பிரமாதம்! அந்தக் கதவு தட்டுற சீன் இருக்கே, உயிரே போயிடுச்சு!” என்றார் ஒரு மீசைக்காரர்.

“உண்மையாவே பக்கத்துலேருந்து தட்டுற மாதிரி சவுண்டு! இதுக்காகவே தியேட்டர்ல பார்க்கணும்” என்றார் இன்னொருவர்.

ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு அஜிதாவை இடித்தாள். மைக் அஜிதாவிடம் வந்தது.

“மோளே, உனக்கு எந்த சீன்ல பயம் வந்துச்சு?”

அஜிதா ஆதர்ஷைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.

“எல்லா சீன்லயும்” என்றாள்.

“எனக்கும்” என்று ஜெஸ்லின் சட்டென்று சொன்னாள். “சத்தமா சிரிச்சா பயம் தெரியாதுன்னுதான் சிரிச்சேன்.”

ஆதர்ஷ் சட்டைப் பையிலிருந்து ஒரு பாப்கார்னை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கும் கொஞ்சம். கொஞ்சமே கொஞ்சம்” என்றான்.

மைக் பிடித்த அக்கா சிரித்துக்கொண்டே, அப்பாவின் தோளில் இருந்த வெங்கிடேஷிடம் மைக்கை உயர்த்தினார். “குட்டி, நீயும் பயந்தியா?”

வெங்கிடேஷ் இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

“இந்த அக்காதான் ரொம்ப பயந்துட்டா. நான்தான் கையைப் பிடிச்சிண்டேன்” என்றான்.

“ஆமாம், அது நிஜம்தான்” என்றாள் அஜிதா.