அடியெடுத்துக் கொடுத்த குரல்

வண்டியிலேர்ந்து இறங்கினதும் அப்பா பார்த்தது தங்கப்போற இல்லத்தை இல்லை. அதை ஒட்டி நின்ன பழைய நாடக அரங்கத்தை. ஒரு பார்வைதான். ஊன்றுகோலை மாத்திப் பிடிச்சுக்கிட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

மகளுக்குப் பதினாறு வயசு. சின்ன வயசுல பண்ணின சேட்டைக்கு வீட்டுல வெச்ச பேரு வாலு. அவ அதைக் கவனிச்சா. இடுப்பு வலிபோலன்னு விட்டுட்டா.

அப்பா நாடகங்களுக்கு லைட் போடுறவர். ஏணியிலேர்ந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சதும் வேலை போச்சு, பின்னாடியே வாடகை வீடும் போச்சு. அம்மா அதுக்கு ரொம்ப முன்னாடியே போயாச்சு. நொடிஞ்சுபோன மேடைக் கலைஞர்களுக்காக ஒரு அறக்கட்டளை நடத்துற இல்லம் இது. எத்தனையோ பேர் இடத்துக்காகக் காத்துக் கிடக்க, இவங்களுக்கு மட்டும் கேட்ட உடனே ரூம் கிடைச்சது.

"வரிசையில நிக்காம வந்த மகாராஜா, வாங்க!" வாசல்ல ஒரு வழுக்கைத் தலை சிரிச்சது. ஒரு காலத்துல கோமாளி வேஷம் கட்டினவர், இப்போ எல்லாருக்கும் கோமாளி மாமா. "உங்கப்பாவுக்கு ரொம்பத்தான் செல்வாக்கு பாப்பா. நான் உள்ள நுழையறதுக்குள்ள இருந்த நாலு முடியும் கொட்டிடுச்சு."

வாலு சிரிச்சா. அப்பா சிரிக்கல.

இல்லத்தை நடத்துற மேடம் ஓடி வந்து அவளைக் கட்டிக்கிட்டாங்க. "இனிமே இது உன் வீடு கண்ணு." அந்த ஒரு வார்த்தைக்கு அவளும் அவங்களை இறுக்கிக் கட்டிக்கிட்டா.

அவங்களுக்குக் கிடைச்சது முன்னாடி அரங்கத்துக்கு ஒப்பனை ரூமா இருந்த இடம். சுவத்துல பெரிய கண்ணாடி. அதைச் சுத்தி பல்பு இருந்த ஓட்டையெல்லாம் பல்லு போன வாய் மாதிரி காலியா இருந்துச்சு. பழைய பவுடர் வாசனை, ஈரச் சுவர் வாசனை, அதுக்கும் அடியில மெல்லிசா கிராம்பு வாசனை. தொண்டை கட்டினா வாயில அடக்கிக்குவாங்களே, அந்த மாதிரி.

மறுநாள் மத்தியானம் துணி மடிச்சுக்கிட்டிருந்தப்போ அது கேட்டுச்சு.

கண்ணாடிக்குப் பின்னாலேர்ந்து.

பேச்சு இல்லை. யாரோ படிக்கிற மாதிரி ஏத்த இறக்கம் இருந்துச்சு, ஆனா குரலே இல்லை. வெறும் காத்து.

"அப்பா, உங்களுக்குக் கேட்குதா?"

"எலி."

"எலி வசனம் பேசுமாப்பா?"

"எலின்னு சொன்னேன்ல!"

அவர் அவகிட்ட அப்படிக் கத்தினதே இல்லை.

கோமாளி மாமாகிட்ட போய்க் கேட்டா. "எங்களுக்கு முன்னாடி இந்த ரூம்ல யாரு மாமா இருந்தா?"

"அடிக்குரல் அக்கா," அவர் குரலும் இறங்கிடுச்சு. "மேடையோட முன் ஓரத்துல பலகை மூடி போட்ட குழி ஒண்ணு இருக்குல்ல? அதுக்குள்ள உட்கார்ந்து, மறந்துபோன வசனத்தை எடுத்துக் கொடுக்குறவ. அவ இல்லேன்னா பாதி ராஜாவுக்கு தன் பேரே ஞாபகம் வராது. அப்புறம் தொண்டையில ஆபரேஷன். குரல் போயிடுச்சு, காத்துதான் வரும். நன்கொடை கொடுக்குறவங்க முன்னாடி நாமெல்லாம் மேடையேறி நன்றி சொல்லணும்ல, அவளால முடியல. மேடத்துக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. ஒரு நாள் ஆளைக் காணோம். தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டான்னாங்க."

சுத்திமுத்தும் பார்த்துட்டு கிட்ட வந்தார்.

"அவளுக்கு ஏது பாப்பா தங்கச்சி?"

அந்த வாரமே நன்றி சொல்ற கூட்டம் வந்துச்சு. வாலுதான் பேசணும். மேடமே வார்த்தை வார்த்தையா சொல்லிக் கொடுத்தாங்க. "அப்படியே ஒப்பிச்சிடு கண்ணு. முடிக்கும்போது ரெண்டு சொட்டு கண்ணீர் வந்தா இன்னும் நல்லாயிருக்கும்." அப்பாவை லைட் சுவிட்ச் பலகைகிட்ட உட்கார வெச்சாங்க. ரொம்ப நாள் கழிச்சு சுவிட்சுல கை வெச்சதும் அவர் முகத்துல ஒரு களை வந்துச்சு.

மேடையில ஏறினா. முகத்துல வெளிச்சம் அடிச்சது. அதுக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு, இருமல், நாற்காலி கிறீச்சுன்னு நகர்ற சத்தம்.

"நாங்க நிர்க்கதியா நின்னோம். இந்த இல்லம்தான்..."

அடுத்த வரி வரல.

கிராம்பு வாசனை வந்துச்சு.

காலுக்கு அடியிலேர்ந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்துச்சு.

குழந்தை வேஷத்துக்கு மேடையேறின நாள்லயே அப்பா பழக்கின பழக்கம் அது. குரல் வந்தா யோசிக்காதே, வாங்கிச் சொல்லிடு. அவளும் வாங்கிச் சொல்லிட்டா.

"என்னை வெளியே போகச் சொன்னாங்க."

முன் வரிசையில யாரோ நாற்காலியை முன்னாடி இழுத்தாங்க.

"எனக்குப் போக இடமில்லை. என் குழிக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டேன். அவங்க தெரிஞ்சேதான் மூடியைப் பூட்டினாங்க."

இது தன்னோட பேச்சு இல்லைன்னு அவளுக்குப் புரிஞ்சுது. வாய் நிக்கல. கீழே பார்த்தா. குழியோட பலகை மூடியில பூட்டு தொங்குது. துரு ஏறின பூட்டு.

உள்ளேர்ந்துதான் குரல் வருது.

"கத்தினேன். என்கிட்ட காத்துதான் இருந்துச்சு. மேலே ஒருத்தர் லைட்டைக் கழட்டிக்கிட்டிருந்தார். அவருக்குக் கேட்டுச்சு. குனிஞ்சு இடுக்கு வழியா என் கண்ணைப் பார்த்தார். அவரு..."

லைட் எல்லாம் பட்டுன்னு அணைஞ்சுது.

கரன்ட் போகல. வெளியே போற வழிக்கு மேல சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. மேடை லைட் மட்டும்தான் போச்சு. அந்த சுவிட்ச் ஒரே ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு.

அந்த இருட்டுல கைதட்டல் எழும்புச்சு. "பிரமாதம்! என்னமா நடிக்குது பொண்ணு!"

ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினா.

"அணைச்சது நீங்கதானே?"

அவர் கட்டில் ஓரத்துல உட்கார்ந்திருந்தார். "மேடத்துகிட்ட உடனே சொன்னேன்மா. நான் திறந்துக்கிறேன், நீ கிளம்புன்னாங்க. கிளம்பிட்டேன்."

"திறந்தாங்களா?"

"...நான் போய் விசாரிக்கல."

"அப்புறமாவது?"

"கேட்கலம்மா. பயந்துட்டேன். உனக்கு எப்போ என்ன உதவி வேணும்னாலும் வான்னாங்க அவங்க."

வரிசையில நிக்காம ரூம் கிடைச்ச கதை அவளுக்கு அப்போதான் விளங்குச்சு. எல்லாரையும் விட பெருசா நினைச்ச மனுஷன், இவ்வளவுதானான்னு ஆயிடுச்சு.

"போயிடலாம்ப்பா. எங்கேயாவது."

"இந்தக் கூரையும் போனா நடுத்தெருதான் வாலு."

கதவு தட்டுற சத்தம். மேடம். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணுல மட்டும் அது இல்லை. "எல்லாரும் உருகிட்டாங்க போ! ஆனா கண்ணு, நான் சொல்லிக் கொடுத்தது வேற." மெதுவா அப்பா பக்கம் திரும்பினாங்க. "நடிப்புதானே அது? நீங்க சொல்லுங்க."

வாலு அப்பாவையே பார்த்துக்கிட்டு நின்னா. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிடுங்கப்பா. தெருவுல படுத்துக்கலாம், பரவாயில்லை.

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரல.

கண்ணாடிக்குப் பின்னாலேர்ந்து ரொம்பப் பொறுமையா, காத்து மாதிரி வந்துச்சு.

"கேட்டுச்சுன்னு சொல்லு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டதை வாலு பார்த்தா. அவருக்கும் கேட்டிருக்கு.

"நடிப்புதான் மேடம்," அப்படின்னார்.

மேடம் அவ கன்னத்தைத் தட்டிட்டுப் போயிட்டாங்க.

கிராம்பு வாசனை சட்டுன்னு ரூமை விட்டுப் போச்சு. கூடவே வேற ஏதோவும் போன மாதிரி இருந்துச்சு.

அப்பா அவ கையைப் பிடிச்சார். உதடு அசைஞ்சுது. மன்னிச்சிடும்மான்னுதான் சொல்றார், உதட்டைப் பார்த்தாலே தெரியுது.

சத்தம் வரல.

இன்னொரு தடவை முயற்சி பண்ணினார். கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுது. வெறும் காத்து.

நடையில தடதடன்னு கால் சத்தம். கோமாளி மாமா மூச்சு வாங்க வந்து கதவைத் தள்ளினார்.

"பாப்பா, உங்கப்பா எதுக்கு மேடைக்கு அடியில போய்க் கத்துறாரு? வெளியே பூட்டு பூட்டினபடியே இருக்கு, எப்படி உள்ள போனாரு? கேட்டுச்சு கேட்டுச்சுன்னு ஒரே..."

அப்போதான் கட்டில்ல உட்கார்ந்திருந்த அப்பாவை மாமா பார்த்தார்.