லூவெட்டை அச்செடுத்த மத்தியானம்

பிளாஸ்டர் இன்னும் ஆறவில்லை.

கிளெமான்ஸ் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இறுகும்போது சூடாகும்தான், பாரிஸின் தொழுவங்களிலும் அறுப்புக்கூடங்களிலும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருபது வருடம் மாடும் குதிரையும் பார்த்துப் பார்த்துச் சிலை செய்தவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் பூசி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் பிப்ரவரி மாத வெளிச்சம் சாம்பலாகப் படிந்திருக்க, பட்டறை முழுக்க ஈரக் களிமண்ணும் சோப்பும் நனைந்த நாய் மயிரும் கலந்த வாடை.

உள்ளே இருந்தது லூவெட். பதினான்கு வருடம் அவள் காலடியில் படுத்திருந்த வேட்டைநாய். "இன்னும் ரெண்டு மாசம் தாங்கும் மதாம்," என்றார் கால்நடை வைத்தியர். கண்காட்சிக்குச் சிற்பத்தை அனுப்ப மூன்றே வாரம்தான் இருந்தது. இன்று காலையே உயிரைப் போக்கும் மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். மூச்சு அடங்கியதும் இமைகளைத் தானே மூடினாள். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

"இவ்வளவு நேரமா சூடு நிக்கும், ஆன்செல்ம்?"

அச்செடுக்கும் கிழவர் தோளைக் குலுக்கினார். "அடுப்பு பக்கத்துலதானே இருக்கு. நீங்க உக்காருங்க மதாம். அதைவிட உங்க மூஞ்சிதான் வெளிறிக் கெடக்கு."

அச்சின் இரு பாதிகளும் சேரும் இடுக்கில் உளியை வைத்துத் தட்டினார். உள்ளிருந்து மெல்லிய சுரண்டல். பிளாஸ்டர் விரியும் சத்தமாக இருக்கும். மறுபடியும் கேட்டது. மேல்பாதி கழன்று வந்தது.

நாய் கிடத்தியபடியே கிடந்தது. விறைத்து. கண் மூடி.

ஆன்செல்ம் மேல்பாதியை மல்லாத்தி வைத்தார். உடலைச் சாக்கில் சுற்றி வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மூலையில் புதுக் கலவை கரைக்க உட்கார்ந்தார். கிளெமான்ஸ் அச்சுக்குள் குழிந்திருந்த முகத்தின்மேல் குனிந்தாள்.

கண்கள் திறந்திருந்தன.

தொட்டுப் பார்த்தாள். களிமண் பிசைந்தே மரத்துப்போன விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓர் அடி விலகினாள். பார்வையும் கூடவே வந்தது. குழிவாகப் பதிந்த முகம் பார்ப்பவர் பக்கம் திரும்புவதுபோலத்தான் தோன்றும். எந்தச் சிற்பிக்கும் தெரிந்தது. வெறும் நிழல். அவள் அசையாமல் நின்றாள்.

அது திரும்பியது.

வாளியோடு வந்துகொண்டிருந்த ஆன்செல்மின் பக்கம்.

பார்வை மங்கிய கிழவர் எதையும் கவனிக்கவில்லை. "ஊத்திடவா மதாம்? விட்டா கெட்டியாயிடும்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் வாளியைச் சாய்த்தார். வெள்ளைக் கலவை மூக்கின் குழியை நிரப்பியது. கன்னங்களில் ஏறியது. கண்ணைத் தொட்டது.

இமைகள் மூடின.