ஐம்பத்து நான்காவது புள்ளி

திரையில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது.

தம்பியின் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் ஐம்பத்து மூன்று பளபளக்கும் சின்ன உருண்டைகள். காலையில் அவன் அக்காவே எண்ணி எண்ணி ஒட்டியவை. கூடத்தைச் சுற்றியிருந்த நாற்பது கேமராக்கள் அந்த உருண்டைகளை மட்டும் பார்க்கும். தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுடைய திரையில் அவனை வெறும் வெள்ளைப் புள்ளிகளாக ஓடவிட்டுச் சாகவிடும். பிற்பாடு அந்தப் புள்ளிகள்மேல் ஒரு ராணுவ வீரனைப் போர்த்திவிட்டால் துப்பாக்கி விளையாட்டு தயார். எங்காவது வெளிச்சம் பட்டுத் தெறித்தால், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு புள்ளி முளைக்கும். பேய்ப்புள்ளி என்பார்கள். அதை அழிப்பதுதான் அவள் பிழைப்பு. இந்தப் பத்து வருடத்தில் அவள் விரட்டிய பேய்களை உலகத்து மந்திரவாதிகள் அத்தனை பேரும் வரிசையில் நின்றாலும் விரட்டியிருக்க முடியாது.

இதையும் அழித்தாள்.

விளையாட்டின் முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. அதில் செத்த வீரர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள் என்பது விளையாடிய கோடிப்பேரில் ஒருவருக்கும் தெரியாது. பனியில் விறைத்துச் செத்தவர், பாலைவனத்தில் காய்ந்து செத்தவர், ஹெலிகாப்டரிலிருந்து தலைகுப்புற விழுந்தவர், சுட்டவர், சுடப்பட்டவர் எல்லாம் அவரே. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சாவுச் சக்கரவர்த்தி. முந்நூற்றுப் பன்னிரண்டு விதமாகச் செத்துக் காட்டியவர், முந்நூற்றுப் பதின்மூன்றாவது விதத்தைத் தன் வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்துக் கண்டுபிடித்தார்.

இரண்டாம் பாகத்தில் அவர் இடத்துக்குத் தம்பி. இரண்டு வருடமாக வேலையில்லாமல் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவனை அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைத்தாள். "விழறதுதானேக்கா? சின்ன வயசுலேர்ந்து அதுல நான் கில்லாடியாச்சே" என்று குதித்துக்கொண்டு வந்தான்.

"போன பாகத்தைவிட சாவு ரெண்டு மடங்கு நிஜமா இருக்கணும்!" மாடி அறையிலிருந்து இயக்குநரின் குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது. "ஓடு!"

தம்பி ஓடினான், குண்டடி பட்டான், மெத்தையில் சரிந்தான். ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் காலை பதினொரு மணிக்கும் கிணற்றுக்குள் இருப்பது போன்ற இருட்டு, ரப்பர் மெத்தையின் புளித்த வாடை, ஏசியின் முனகல், சுவரெல்லாம் இமைக்காத சிவப்பு விளக்குகள். அவற்றுக்கு நடுவே, திரையில் அவன் கணுக்காலைச் சுற்றி, ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் ஒன்றுமாக ஐந்து புள்ளிகள் மெல்ல நெருங்கி வந்து இறுகின.

"அக்கா, காலை யாரோ பிடிச்ச மாதிரி இருக்கு. சில்லுனு."

"ஏசிக் காத்துடா."

"ஏசிக்கு நகம் இருக்கா?"

அவள் ஐந்தையும் அழித்தாள்.

"ஆ, விட்டுடுச்சு" என்றான் தம்பி.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். திரை அவனுக்குத் தெரியாது. அழித்ததை அவள் சொல்லவுமில்லை. இங்கே அழித்தது அங்கேயும் மறைந்திருந்தது.

"சார், இன்னிக்குப் போதும். கேமராவுல ஏதோ கோளாறு."

"அடுத்த மாசம் வெளியீடும்மா. கோளாறையும் சேர்த்தே வித்துடலாம். ஓடு!"

"டேய், நில்லுடா!" என்று கத்தினாள். தடித்த கண்ணாடி. ஒலிபெருக்கிக்கான பொத்தானை அழுத்த மறந்திருந்தாள். அவன் ஓடிவிட்டான்.

திரையில் இரண்டு பேர் ஓடினார்கள்.

நூற்றாறு புள்ளிகள். தோளோடு தோள். கண்ணாடிப் பக்கம் திரும்ப அவளால் முடியவில்லை. இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் புள்ளிகள் கலந்தன, பின்னின, துடித்தன.

அப்புறம்தான் கூடத்தைப் பார்த்தாள். மெத்தையில் தம்பி சுருண்டிருந்தான். கழுத்திலிருந்து எதையோ பிய்த்தெறியப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பிரமாதம்! துடி, இன்னும் துடி!" என்றது ஒலிபெருக்கி.

கதவுக்கு ஓடி, பூட்டைத் திறந்து, கூடத்தைக் கடந்து போவதற்குள் அவன் போய்விடுவான். இங்கே ஒரு பொத்தான் போதும். ஆனால் எதை அழிப்பது? எது தம்பி?

விழுந்த இரண்டு விநாடியை ஓரத்துத் திரையில் ஓட்டினாள். ஒரு உருவம் மூட்டை போலப் பொத்தென்று விழுந்தது. மற்றது வலது முழங்காலை ஊன்றி, இடது கையை மார்பில் வைத்து, விடைபெறுவது போலத் தலையைச் சாய்த்து விழுந்தது. எந்த விதமாகச் செத்தாலும் முடிவில் அவர் காட்டும் முத்திரை; முந்நூற்றுப் பன்னிரண்டு முறை அவள் துடைத்துச் சுத்தம் செய்தது. தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும். சக்கரவர்த்தி.

அந்த ஐம்பத்து மூன்றையும் வளைத்தாள். அழித்தாள்.

துடிப்பு நின்றது. அவளுக்கு மூச்சு வந்தது.

"உன் தம்பி எமகாதகன்மா!" இயக்குநர் சிரித்தார். "சக்கரவர்த்தி விழுந்த பழைய பதிவை எல்லாம் வாங்கிட்டுப் போய் ஒரு மாசமா வீட்ல பழகியிருக்கான். எங்க அக்கா அசந்துடணும், சொல்லிடாதீங்கன்னான். முழங்கால், கை, தலைன்னு அச்சு அசல் அவரேதான்!"

மீட்கும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. ஓடும் பதிவில் அழித்தது அழித்ததுதான். அவளுக்குத் தெரியாதா. மறுபடி.

திரையில் மிச்சமிருந்த ஐம்பத்து மூன்றும் நிதானமாக எழுந்து உட்கார்ந்தன.

அவள் கண்ணாடி வழியே கூடத்தைப் பார்த்தாள்.

மெத்தையில் கறுப்பு உடை கிடந்தது. கழுத்துவரை ஜிப் போட்டபடி. கையுறைகள் மாட்டியபடி. காலணிக் கயிறு அவிழாமல். உள்ளே ஆள் இல்லை. துணி தட்டையாக, மெத்தையோடு ஒட்டி.

மார்புப் பகுதி மட்டும் ஏறியது. இறங்கியது.

ஏறியது.