மொட்டை போட்டவன் கேட்ட வரம்

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. புத்தூர் பஸ்ஸின் படியில் காஞ்சனா ஊன்றுகோலை வைத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கியது.

"கையை எடுங்க! நான் கேட்டேனா?"

"இல்ல... வழுக்கிடுமோன்னு..."

"தினம் ஏறிக்கினுதான் இருக்கேன். நீங்க வழுக்காம வாங்க, போதும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, செருப்பு வழுக்கி அவன் கம்பியில் தொங்கினான். காஞ்சனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நனைந்த இமைகளோடு அவனும் சிரித்தான்... அப்பப்பா, என்ன கண்கள்!

அவன் சுதீர். செல்போன் கடையில் வேலை. அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். இரண்டு மாதம், அதே மாலை பஸ், பக்கத்துப் பக்கத்து இருக்கை.

ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்தான்.

"என்னங்க வேண்டுதல்?"

"உனக்காகத்தான். நடந்தே மலை ஏறினேன். உன் கால் நல்லாயிடணும்னு வேண்டிக்கினேன்."

அவள் முகம் வாடியது.

"சின்ன வயசுல எங்கம்மா என்னைக் கோயில் கோயிலா தூக்கிக்கினு போவாங்க. வீட்டுக்கு வந்ததும் என் காலைத்தான் பாப்பாங்க... மொகத்தப் பாக்க மாட்டாங்க. நானும் சாமி கும்பிடுறவதான் சுதீர். ஆனா அதை மட்டும் நான் கேட்டதே இல்ல. நீங்க என் மொகத்தப் பாக்குறீங்கன்னு நெனச்சேன்..."

மறுநாளிலிருந்து அவள் முந்தைய பஸ்ஸில் போனாள். ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள்... பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். மனசு மட்டும் அடுத்த பஸ்ஸிலேயே வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள், அந்த முந்தைய பஸ்ஸின் அருகே அவன் நனைந்தபடி நின்றிருந்தான்.

"சாமிகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட கேட்டிருக்கணும். தப்புதான். பிரியத்துலதான் செஞ்சேன்... ஆனா அதுவும் உன்னைக் குறையா பாத்ததுதானே? நீ இருக்கற மாதிரியே எனக்கு வேணும் காஞ்சனா."

"உங்க வீட்ல..?"

"அம்மா, 'போன ஜென்மத்துப் பாவம்'னு ஆரம்பிச்சாங்க. 'அவ எனக்குக் கெடச்சது என் புண்ணியம்'னேன். இன்னும் எங்கூட பேசல. பேசுவாங்க... நான் விடமாட்டேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் தலை குனிந்தாள்.

"நான் கோவத்துல பஸ்ஸ மாத்தலீங்க..."

"பின்ன?"

"உங்களப் பாத்தா... கோவம் நிக்காதுன்னுதான்."

பஸ் கிளம்பிப் போனது. இருவருமே ஏறவில்லை.