அடி பம்ப் அறையின் எண்

மோடம் தானாகவே அழைப்பை எடுத்தது. கசொண்டே திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அந்த மோடத்தின் எண்ணை அவள் இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கிட்வே நகரின் தாமிரச் சுரங்க அலுவலகத் தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்துகொண்டிருந்தது. ஈரத் தாமிரக் கல்லின் புளித்த வாடை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, சூடேறிய யுனிக்ஸ் கணினியின் தூசி நாற்றத்தோடு கலந்தது. வெளியிலிருந்து தொலைபேசி வழியாகக் கணினிக்குள் நுழையும் ஏற்பாட்டை அப்போதுதான் முடித்திருந்தாள். அழைப்பவர் பெயரும் கடவுச்சொல்லும் தர வேண்டும். உடனே கணினி இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்தப் பெயருக்குப் பதிவான எண்ணைத் தானே திரும்ப அழைக்கும். கடவுச்சொல்லை யாரும் திருடலாம். அந்த எண் இருக்கும் அறைக்குள் போய் உட்கார முடியாது.

திரையில் பெயர் வந்தது. சில்வாம்பா.

பம்ப் இன்ஜினியர். வெள்ளம் சுரங்கத்துக்குள் புகுந்த அன்று, அதன் அடியாழத்தில் நீரிறைக்கும் அடி பம்ப் அறையில் தன் ஆட்களோடு இருந்தவர். உடல்களைக்கூட எடுக்க முடியாமல் அந்த ஒரு சுரங்கத்தை மட்டும் மூடிவிட்டார்கள். பழைய கணினியிலிருந்து பெயர்களை அப்படியே கொண்டுவந்தபோது அவர் பெயரும் அந்த அறையின் எண்ணும் வந்திருக்கின்றன.

கடவுச்சொல் சரி. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். விளையாடட்டும். கணினி இப்போது மூழ்கிப்போன அறையை அழைக்கப்போகிறது. அங்கே எடுக்க யார் இருக்கிறார்கள்?

காவலாளி சகாலா நனைந்த கோட்டோடு எட்டிப் பார்த்தார். முலெங்காவின் அம்மா என்பதால் சுரங்கத்தில் எல்லோருக்கும் அவள் பனா முலெங்கா. "என்ன பனா முலெங்கா, சர்ச்சுக்குக்கூடப் போகாம இந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

"பா சகாலா, அடி பம்ப் ரூம்ல போன் இன்னும் இருக்கா?"

"இருந்தா என்ன? தண்ணி வந்து எடுக்குமாக்கும்!"

மோடத்தின் ஒலிபெருக்கியில் மணி அடிப்பது கேட்டது. தொலைவில், கனத்த எதற்கோ அடியில் அடிப்பதுபோல. மறுபடி. மறுபடி.

எடுத்தார்கள்.

சகாலாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வழக்கமான கிறீச்சிடல் கேட்கவில்லை. நீர்க்குமிழிகள் மெல்ல மேலேறி உடையும் சத்தம் வந்தது; அதற்குப் பின்னால் பலர் ஒன்றாக மூச்சிழுக்கும் சத்தம். மோடத்தில் இணைப்பைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

*யாரு மேல?*

தன் பெயரை அடித்தாள்.

*நீயா பனா முலெங்கா. பம்ப் நின்னுபோச்சு. எல்லாரும் இங்கதான் இருக்கோம். யாருமே கூப்பிடல. நீதான் கூப்பிட்ட.*

"வயரப் புடுங்கும்மா!" சகாலா கத்தினார். "புடுங்கு!"

பிடுங்கினாள். தொலைபேசிக் கம்பி கையோடு வந்தது. நுனியிலிருந்து நீர் சொட்டியது. மண் கலந்த நீர். பச்சை விளக்கு அணையவில்லை.

*மேல வர்றோம்.*

வெளியே இரும்பு முனகியது. இருவரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஆட்களைக் கூண்டில் இறக்கி ஏற்றிய, இப்போது மின்சாரமே துண்டிக்கப்பட்ட சுரங்கக் கோபுரத்தின் உச்சியில், துருப்பிடித்த பெரிய சக்கரம் மழையில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேல் கறுத்த வடம், சேறு வழிய, விறைப்பாக, பாரத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தது.