சுலக்ஷனாவின் கொலுசு

உடப்புசல்லாவைக்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில் இருந்த பழைய மிஷன் வீட்டைக் கூட்டித் துடைக்க நாகலெட்சுமி போனபோது பகல் பதினொரு மணி. ஆனாலும் மூடுபனியில் வாசற்படி தெரியவில்லை.

அந்த வீட்டில் நாற்பது வருடம் தனியாக வாழ்ந்த ஞானமுத்துப் போதகர் போன மாதம்தான் இறந்தார். வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்றாமல், இரும்புக் கம்பியால் தரையைக் குத்திப் பார்ப்பதும் சிறு மண்கரண்டியால் தோண்டுவதுமாக மலையெல்லாம் அலைந்த மனுஷன். பழைய காசு, உடைந்த பானை, வெள்ளைக்காரன் காலத்து மணி, எது கிடைத்தாலும் நூல் கட்டிச் சீட்டு எழுதி வைப்பார். தோட்டத்து லயக் குடியிருப்புச் சனங்கள் சிரித்தார்களே தவிர, யாரும் தடுக்கவில்லை.

பின்னறையில் கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்திருந்தன. ஒரு மாதமாக அடைத்துக் கிடந்த அறையில், அப்போதுதான் வெட்டிய ஈரமண்ணின் வாசம்.

ஒரு பெட்டியைத் துடைத்தவளின் கை நின்றது.

உள்ளே குழந்தைக் கொலுசு ஒரு சோடி. ஒன்றில் பூட்டு உடைந்த இடத்தில் செப்புக் கம்பி முறுக்கியிருந்தது. முறுக்கியவன் அவள் புருஷன். ஒன்பது வருடத்துக்கு முன் காய்ச்சலில் போன இரண்டு வயது மகள் சுலக்ஷனாவை அந்தக் கொலுசோடுதான் புதைத்தார்கள்.

சீட்டில் முத்து முத்தான கையெழுத்து: ‘கூலிக் குழந்தையின் கொலுசு. சுமார் நூற்றிருபது ஆண்டுப் பழைமை.’

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

சபைச் செயலாளர் கஜேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாச் சாமானும் கொழும்பு மியூசியத்துக்குப் போகிறது, பட்டியல் கொடுத்தாயிற்று, நூறு வருடச் சாமான் என்று ஐயாவே எழுதியிருக்கிறாரே என்றார் அவர்.

“எம்புள்ள குழிய தோண்டியிருக்காரு. நீங்க பட்டியல் பேசுறீங்க.”

விளக்குமாற்றுக் கட்டையால் கண்ணாடியை ஒரே போடாகப் போட்டாள். கஜேந்திரன் வெளியே ஓடினார்.

கொலுசை எடுத்தபோது சீட்டு விரலில் ஒட்டியது.

மை ஈரமாக இருந்தது.

காதுக்குப் பின்னால் யாரோ குனிந்து மூச்சு விட்டார்கள். பொறுமையான, படித்த குரல்.

“மெதுவா எடும்மா. அது பழசு.”

திரும்பினாள். ஒருவருமில்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

“பழசு இல்ல. இருந்திருந்தா அவளுக்கு இப்ப பதினொரு வயசு,” என்று வெறும் அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

நேரே மயானத்துக்குப் போனாள். மகளின் மேட்டைத் தோண்டிக் கொலுசை வைத்து மூடி, மேலே மூன்று பாறாங்கற்களைப் புரட்டி வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தாள். கற்கள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. மண் சிதறாமல், கரண்டி கரண்டியாக அள்ளப்பட்டிருந்தது. கொலுசை எட்ட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

அவள் கொழுந்தெடுக்கப் போகவில்லை. குழியை மூடி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மடியில் வைத்து, அந்த மேட்டின்மேலேயே உட்கார்ந்தாள்.

“வாங்கய்யா. இன்னைக்கு நான் இருக்கேன்.”

பனி இறங்கியது. பாதையில் காலடி எதுவும் கேட்கவில்லை.

அவளுக்கு நேர் கீழே, மண்ணுக்குள்ளிருந்து, யாரோ கரண்டியால் மெல்லச் சுரண்டினார்கள்.