சாய்ந்து நின்ற படகு

கால்வாய்க்காரர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் படகில் கால் வைக்குமுன் கூரையைத் தட்ட வேண்டும். உள்ளிருந்து கூப்பிட்ட பிறகுதான் ஏறலாம். டெஸ்மண்டும் தட்டினார்.

"மெல்ல சாமியாரே," ஜன்னல் வழியே கிசுகிசுத்தாள் க்வெண்டா. "அதுவும் இப்படித்தான் தட்டிச்சு."

டெஸ்மண்ட் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படகிலேயே குடியிருக்கும் ஜனங்களுக்கு இப்போது சம்பளமில்லாத பாதிரியார். ஜெபம் சொன்னதைவிட நிலக்கரி மூட்டை சுமந்ததுதான் அதிகம். மூன்று நாளாக வெளியே தலைகாட்டாத க்வெண்டாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் அந்த ஜனவரி மாலையில் வந்திருந்தார்.

உள்ளே கரி அடுப்பின் வாசனையோடு கால்வாயின் அடிச்சேற்று நாற்றமும் அடித்தது. படகு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவளோ கரி மூட்டை, தண்ணீர்க் கேன், தையல் மிஷின் என்று எல்லாவற்றையும் வலப்பக்கம் அடுக்கியிருந்தாள். இடப்பக்கம் இருந்தது ஒரு காலி பெஞ்சு மட்டும்தான்.

"யாரோ கூரையத் தட்டினாங்க. நீங்கதான்னு நெனச்சு, உள்ள வாங்கன்னுட்டேன். யாரோ ஏறின மாதிரி படகு அமுங்கிச்சு. எட்டிப் பாத்தா ஒருத்தரையும் காணோம்."

"அப்புறம்?"

"எறங்கவே இல்ல. நாளுக்கு நாள் கனம் ஏறிக்கிட்டே போகுது."

பாத்திரம் கழுவும் தொட்டியின் தண்ணீர் வெளியே போகும் ஓட்டை படகின் இடப்பக்கம்தான் இருந்தது. கால்வாய் அதைத் தொட விரற்கடைதான் பாக்கி. தொட்டால் தண்ணீர் உள்ளே ஏறும், படகு மூழ்கிவிடும்.

"எறங்கி வந்துடும்மா."

"எங்க வர்றது? பாலத்தடிக்கா?" அவள் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டாள். "புருஷன் விட்டுட்டுப் போனப்புறம் எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். ஏதாவது பண்ணுங்க."

அவருக்குத் தெரிந்தது ஜெபம் ஒன்றுதான். கண்ணை மூடி ஆரம்பித்தார்.

பெஞ்சு முனகியது.

படகு இன்னும் சாய்ந்தது. தொட்டிக்குள் களகளவென்று கறுப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தது. க்வெண்டா அழுதுகொண்டே சட்டியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். அள்ள அள்ள அது ஏறிக்கொண்டே வந்தது.

டெஸ்மண்டுக்குப் பொறுக்கவில்லை. காலி பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்.

"அவள விட்டுடு. அவளுக்கு வேற நாதி இல்ல. என்கூட வா."

தொட்டித் தண்ணீர் இறங்கியது.

படகு மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்து, மூட்டைகளின் பாரத்தில் வலப்பக்கம் சாய்ந்தது. கெட்டில் உருண்டு விழுந்தது. "போயிடுச்சு! சாமியாரே, போயிடுச்சு!" என்று அழுகையும் சிரிப்புமாக க்வெண்டா மூட்டைகளை இழுத்து நகர்த்தினாள். அவர் சந்தோஷப்பட முயன்றார், முடியவில்லை.

கரையில் கால் வைத்தார். செருகியது போல ஷூ கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது.

தோளில் ஏதோ ஈரமாக, குளிராக அழுத்தியது. ஒவ்வொரு அடியையும் பிடுங்கி எடுத்து வைத்தபடி, படகுகளை ஏற்றி இறக்கும் மதகுவரை வந்து சேர்ந்தார். தண்ணீரை வடித்துவிட்டிருந்ததால் மதகுக்குள் பார்த்தாலே தலை சுற்றும் ஆழம். அதைக் கடக்க, மதகுக் கதவின் மேலே ஒடுங்கிய பலகை ஒன்றுதான் வழி. அக்கரையில் காரருகே அவர் மனைவி ஹிலரி காத்திருந்தாள்.

பலகையில் ஒரு காலை வைத்தார். மரம் படீரென்றது. காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"என்னங்க, சிலையாட்டம் நிக்கறீங்க?"

"நீ வீட்டுக்குப் போ ஹிலரி. நான் இன்னிக்கு வரல."

"முட்டி வலிதானே? சொன்னா கௌரவம் கொறஞ்சிடுமா? இருங்க, நானே வந்து கையப் பிடிச்சுக்கறேன்."

"வராத! அங்கயே நில்லு!"

அவர் போட்ட கூச்சலை அவள் பொருட்படுத்தவே இல்லை. முப்பது வருஷமாக அப்படித்தான். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு பாதிப் பலகை வரை வந்துவிட்டாள்.

டெஸ்மண்டின் தோளில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது.

"என்னங்க," என்று சிரித்தாள் ஹிலரி, "பலகை ஏன் இப்படி வளையுது?"